எள் விழுந்த கூண்டுகள்

1998 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. என் குறை இதுதான்: சென்ற அக்டோபர் மாதத்திற்குப் பிறகு எங்கள் வீட்டிற்கு எவரும் வருவதில்லை.

பால்காரரும் மின்கணக்கு எடுப்பவரும் வாயிற்கதவுக்கு வெளியே நின்று தத்தம் வேலையை முடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை நான் வந்தவர்களாகக் கருதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் மனைவி சொர்ணலதாவின் கட்டிலருகே கிடக்கும் நாற்காலியில் அமர்ந்து, அவள் கேட்பதற்கு விடை சொல்வதையே வருதல் என்கிறேன். அந்த நாற்காலியில் இரண்டு மாதங்களாக நான் ஒருவனே உட்காருகிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்காக ‘மைசூரில் தமிழ் கற்பித்தல்’ என்ற தலைப்பில் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அதை இன்னொருவர் எழுதட்டும். எனக்கு ஒதுக்கிய பக்கங்களில் இதை அச்சிடுமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொர்ணலதாவுக்கு நாற்பத்தாறாம் வயதில் இடக்கால் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் காய்கறிக் கடையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் எடுத்த தலையின் ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர், நரம்புகளைச் சுற்றியுள்ள உறை ஆங்காங்கே அழிந்துகொண்டிருக்கிறது என்றார். மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உரிந்துபோனதைப் போல என்று விளக்கினார். அந்த உறைக்கு மயலின் என்று பெயராம். நான் அதை நரம்புறை என்று அழைக்கலானேன். தமிழில் பெயரே இல்லாத ஒன்று என் மனைவியின் உடம்புக்குள் அழிவதை என்னால் பொறுக்க இயலவில்லை. போன உறையைத் திருப்பித் தரும் மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

கைத்தடி வந்தது, சக்கர நாற்காலி வந்தது, பிறகு பெரும்பாலும் கட்டில்தான். கைகள் நடுங்கின. பார்வை மங்கி, எழுத்துகள் அவளை விட்டுப் போயின. நாளிதழை நானே வாசித்துக் காட்டுகிறேன். வாசிக்கும்போதே அதிலுள்ள பிழைகளைத் திருத்திவிடுவது என் வழக்கம். அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

“பேப்பர்க்காரன் எழுதினத அப்படியே படிங்க. அவன் தப்பும் எனக்கு வேணும், அல்வா?” என்பாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் வாக்கியங்கள் பாதி கன்னடத்தில்தான் முடியும்; ‘அல்வா’ என்றால் ‘இல்லையா’. முப்பது ஆண்டுகள் முயன்றும் என்னால் அவளைத் திருத்த முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எங்கள் மாடியில் ரவிக்குமார் என்னும் இளைஞர் குடியிருந்தார். நகருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. மாலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேரே அந்த நாற்காலிக்கு வருவார். நான் காப்பி கலந்து கொடுப்பேன். அவர் தம் எலிகளைப் பற்றிச் சொல்லுவார்.

அவை பிறவியிலேயே நரம்புறை சரியாக அமையாத எலிகள். குட்டிகள் எழுந்து நிற்கத் தொடங்கும்போதே பின்னங்கால்கள் நடுங்கும். நான்கு அடி வைப்பதற்குள் பக்கவாட்டில் சாயும். முட்டைக் கருவின் கொழுப்பு, மீன் எண்ணெய், சில சத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து ரவிக்குமார் ஒரு பொடி செய்திருந்தார். அது மருந்தன்று, உணவு. உறையைக் கட்டுவதற்கு உடம்புக்கு வேண்டிய கச்சாப்பொருளை வாய்வழியே நிறையக் கொடுத்தால் உடம்பு தானே கட்டிக்கொள்ளுமா என்பதே அவருடைய கேள்வி. ஒரு வரிசைக் கூண்டுகளுக்குப் பொடி கலந்த தீனி. இன்னொரு வரிசைக்குப் பொடி கலவாத தீனி. வளர்ந்தபின் இரு வரிசை எலிகளையும் மெதுவாக உருளும் ஒரு கோலின்மேல் ஏற்றி, எவை நெடுநேரம் விழாமல் நடக்கின்றன என்று பார்ப்பார்கள். பொடியால் பயனுண்டா என்பதை அந்த வேறுபாடுதான் சொல்லும்.

சொர்ணலதா முதலில் சிரித்தாள். பிறகு நாள்தோறும் கேட்டாள். ஸ்கூட்டர் ஓசை தெருமுனையில் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்யச் சொல்லுவாள். கூண்டின் கம்பியைப் பிடித்து ஏறுவதும் விழுவதும் மறுபடி ஏறுவதுமாக ஒரு குட்டி இருப்பதாக ரவிக்குமார் ஒருநாள் சொன்னார். அதற்கு அவள் சீனு என்று பெயர் வைத்தாள்.

“பேர் வெக்கக் கூடாது ஆன்ட்டி. நாங்க நம்பர்தான் போடுவோம். பேர் வெச்சா பாசம் வந்துடும்.”

“வந்தா என்ன? உன் நம்பருக்குக் கோபம் வருமா?”

அந்தப் பொடியில் ஒரு கரண்டி கொடுங்கள் என்று நான் ரவிக்குமாரைத் தனியே கேட்டேன். எலிகளுக்குப் பயன் தந்தால்தான் அடுத்த படி, அதன்பின் பெரிய விலங்குகள், மனிதருக்கு வரப் பல ஆண்டுகளாகும் என்றார். அவர் மறுத்தது எனக்குச் சினமூட்டியது. சொர்ணலதாவுக்கு அந்தச் சினம் இல்லை. எலி நடக்கட்டும், அதற்குப் பின்னால் தன் வரிசை வரும் என்றாள். அன்று முதல் அவள் தன் கால்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். சீனுவின் கால்களைப் பற்றியே பேசினாள். அவள் கொண்டிருந்த நம்பிக்கை முழுவதும் அந்தக் கோலின்மேல் ஏறி நின்றது.

அந்த எலிகளுக்குத் தீனி வைப்பவள் தேவம்மா. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். பிழைக்க மைசூருக்கு வந்தவள். அதிகாலையில் எங்கள் வீட்டிற்கு வந்து சொர்ணலதாவைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, எதிர்வீட்டுக் கௌரம்மாவின் வாசலையும் பெருக்கிவிட்டு, அதன்பின் பேருந்து பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். எலி வீட்டின் செய்திகள் மாலையில் ரவிக்குமார் வழியாகவும் காலையில் தேவம்மா வழியாகவும் என் மனைவிக்கு வந்து சேர்ந்தன. ரவிக்குமார் சொல்லாமல் விட்ட ஒன்றைத் தேவம்மா சொல்லிவிட்டாள்: சீனு, பொடி இல்லாத வரிசையில் இருக்கிறான்.

“அந்த வரிசை என்ன பாவம் பண்ணுச்சு?” என்று சொர்ணலதா என்னைக் கேட்டாள். ஆய்வு முறையை விளக்கினேன். ஒப்பிட ஒன்று இல்லாமல் உண்மை தெரியாது என்றேன். வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் நடத்தி, பாதிப் பேரை வெளியே நிறுத்தி, பிறகு எல்லோருக்கும் தேர்வு வைப்பேனா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

செப்டம்பரில் கௌரிப் பண்டிகை வந்தது. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. எள், தேங்காய், வெல்லம் சேர்த்த பூரணத்தைத் தேவம்மா கிண்டினாள். சக்கர நாற்காலியில் அமர்ந்து சொர்ணலதா கொழுக்கட்டை பிடித்தாள். நடுங்கும் கைகள் பிடித்தவை. ஒன்றைப் போல ஒன்று இல்லை. மாடிக்கு ஒரு தட்டுப் போயிற்று. அன்று ஆய்வுக்கூடத்திற்கு விடுமுறை. தீனி வைக்கத் தேவம்மா மட்டும் போகவேண்டும். அவள் கிளம்பும்போது சொர்ணலதா ஒரு தூக்குப் பாத்திரத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“சாமிக்குக் குடுத்தாச்சு. இது சாமியோட வண்டிக்கு.”

“நானும் அதத்தானுங் அம்மணி நெனச்சேன். பண்டிகையும் அதுவுமா அந்தக் காஞ்ச தீனியவா போடறதுன்னு. பொறந்த நாளுக்கு வண்டியப் பட்டினி போட்டா, அப்பறம் சாமி நடந்துதான் போவோணும்.”

“பொடி இல்லாத வரிசைக்கு மொதல்ல குடு. சீனுவுக்கு ஒண்ணு முழுசா.”

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பண்டிகை நாளில் வாயில்லாத உயிருக்குப் பங்கு கொடுப்பதை நம்மவர்களில் யார் தவறென்று எண்ணுவார்? அதுவும் எலிக்கு, அதுவும் பிள்ளையார் சதுர்த்தியன்று! எங்கள் தெருப் பந்தலில் பிள்ளையார் இருந்த நாள்கள் முழுவதும் தூக்குப் பாத்திரம் போய்க்கொண்டிருந்தது. சில நாள் கொழுக்கட்டை, சில நாள் எள்ளுருண்டை. பிள்ளையாரைக் கரைத்த பின்புதான் நின்றது. குட்டிகளின் உடம்பு உறையைக் கட்டுவது அந்தச் சில வாரங்களில் மட்டுமே என்பதை நாங்கள் ஒருவரும் அறியோம்.

அக்டோபரில் கோல் உருண்டது. எலிகள் நடந்தன. அன்று மாலை ரவிக்குமார் நாற்காலிக்கு வரவில்லை. நேரே மாடிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் நான் படியேறிப் போனேன். பாதிப் படியிலேயே அவர் உட்கார்ந்திருந்தார்.

“நல்லா நடந்தது சார். ரெண்டு வரிசையும். அதான் பிரச்சினை.”

பொடி தின்ற வரிசையும் தின்னாத வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கோலின்மேல் நின்றிருந்தன. ஏன் என்று விளங்காமல் அவர் கூண்டு கூண்டாகப் பார்த்திருக்கிறார். அடியில் பரப்பிய மரத்தூளில் எள் கிடந்திருக்கிறது. தேவம்மாவை அழைத்துக் கேட்டிருக்கிறார். அவள் மறைக்கவில்லை, தான்தான் கொண்டுவந்ததாகவும், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்துவைத்து ஊட்டியதாகவும் சொல்லியிருக்கிறாள். யார் பிடித்த கொழுக்கட்டை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அவங்க சொல்ல வேண்டியதே இல்ல சார். அதே கொழுக்கட்டைய நானும் தின்னேன்.”

நடந்தது எள்ளாலா, தேங்காயாலா, அல்லது தேவம்மாவின் கையில் ஏறிப் பழகியதாலா என்று கேட்டேன். எதுவாகவும் இருக்கலாம், எதுவென்று இனி எவராலும் சொல்ல முடியாது என்றார். மறுபடி தொடங்கப் புதிய குட்டிகள் வேண்டும், அறக்கட்டளை கொடுத்த காலமோ டிசம்பரோடு முடிகிறது, நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். எலிகள் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எழுந்து மாடிக்குப் போனார். அதன்பின் ஒரு வாரத்திற்குள் அவற்றின் உயிரை வலியின்றிப் போக்கிவிட்டதாகப் பிறகு அறிந்தேன். சீனுவும் அவற்றுள் ஒன்று.

ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை ரவிக்குமார் எனக்கு வாசித்துக் காட்டினார். ‘தீனியில் வெளிப்பொருள் கலக்கப்பட்டமையால் ஆய்வு கைவிடப்பட்டது’ என்பது அதன் சாரம். கலந்தவர் யார், கைவிட்டவர் யார் என்று அதில் இல்லை. எழுவாயை ஒளித்துவைக்கும் இத்தகைய வாக்கியங்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் சிவப்பு மையால் அடித்தவன் நான். அன்று முதன்முறையாக அப்படி ஒரு வாக்கியத்திற்கு நன்றியுடையவனானேன்.

தேவம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு இன்றும் ஆறாத சினம் அது. தீனி வைக்கும் ஒருத்தியிடம், ஏன் வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்பதை அவளுக்குப் புரியும் சொற்களில் ஒருமுறையேனும் சொன்னீர்களா என்று கேட்க அந்த நிலையத்தின் தலைவரிடம் போனேன். மரியாதையாக உட்காரவைத்தார். உணவைக் கொடுத்தனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரிந்திருந்தால் எழுதிக் கொடுக்கலாம், அதைப் பார்த்துத் தேவம்மாவின் பிழையைக் குறைத்துக் கருதுவோம் என்றார். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே வீடு திரும்பினேன். வாசலில் தேவம்மா துணிமூட்டையோடு நின்றாள். மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போகிறேன் என்று சொர்ணலதாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மகளே இல்லை. தெருவுக்கு வந்ததும் நான் போன காரியத்தைச் சொன்னேன்.

“எழுதிப்போடாதீங்க வாத்தியாரய்யா” என்றாள். “எனக்கென்னங்க, எங்கூருப் பக்கம் மாதேஸ்வரன் மலையில கடை கண்ணி இருக்குது, ஒலகம் இருக்குது. அம்மணிக்கு அந்த எலிகதான் காலு. அதுக தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் அவுங்க எதுல நடப்பாங்க?”

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அது தேவம்மாவுக்கு நியாயமாகாது என்பதை அறிவேன். அவள் கேட்டுக்கொண்டபடி நடந்தேன் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ரவிக்குமார் அம்மாத இறுதியில் வீட்டைக் காலி செய்தார். மூட்டை கட்டும்போது, கீழேயிருந்து “ரவி, சீனு எப்படி இருக்கான்?” என்ற குரல் வந்தது. அவர் கையிலிருந்த புத்தகங்களை அப்படியே கீழே வைத்தார். தம்மால் பொய் சொல்ல முடியவில்லை என்றும், உண்மையையும் சொல்ல முடியவில்லை என்றும் என்னிடம் மெல்லச் சொன்னார். வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாக அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் கீழே வந்து அப்படியே சொன்னதும், எலிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் கேட்டாள். ஆள் வைத்திருக்கிறார்கள், நான் தொலைபேசியில் விசாரித்துச் சொல்லுகிறேன் என்று முந்திக்கொண்டு கூறினேன்.

அந்த வாக்கின்படி இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. மாலையில் தெருமுனையிலுள்ள லிங்கப்பனின் எஸ்.டி.டி. கடைக்குப் போவேன். கண்ணாடிக் கதவுக்குள் நின்று, எவருக்கும் பேசாமல், ஒருவர் பேசி முடிக்கும் நேரம் கழித்து வெளியே வருவேன்.

“என்ன சார், நம்பர் மறந்து போச்சா? இல்ல வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத நம்பரா?” என்று லிங்கப்பன் கேட்டார். இணைப்புக் கிடைக்கவில்லை என்றேன். இப்போது அவர் ஒன்றும் கேட்பதில்லை. நான் வருவதைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வீட்டிற்குப் போகும் வழியில் செய்தியை உருவாக்கவேண்டும். கதை கட்டிப் பழக்கமில்லாதவன் நான். முதல் நாள், சீனு நலம் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. விழுந்தானா, எந்தப் பக்கம் விழுந்தான், விழுந்தபின் எழுந்தானா என்று கேட்டாள். ஆகவே அவனை ஒருநாள் கோலின் பாதிவரை நடத்தினேன். ஒருநாள் வாலால் கோலைச் சுற்றவைத்தேன். ஒருநாள் சறுக்கவிட்டு, மறுநாள் வரை அவளைக் கவலையோடு காத்திருக்கச் செய்தேன். வீட்டுப்பாடம் எழுதாமல் பாட்டியைச் சாகடித்த மாணவர்களை நான் பெஞ்சின்மேல் நிற்கவைத்திருக்கிறேன். அவர்களில் எவனும் என்னளவு விவரமாகப் பொய் சொன்னதில்லை.

நான் சொல்லி முடித்ததும் வீடு அமைதியாகிவிடும். மாடியில் காலடி ஓசை இல்லை. ‘வாடகைக்கு’ என்று எழுதிய அட்டை வாயிற்கதவில் தொங்குகிறது. வெயிலில் எழுத்து வெளிறிவிட்டது. தெருவில் ஸ்கூட்டர் ஏதேனும் போனால் அவளுடைய கை முந்தானையைத் தேடுகிறது. நான் சரிசெய்துவிடுகிறேன். ஸ்கூட்டர் போய்விடுகிறது.

கௌரம்மா அக்டோபர் கடைசியில் ஒருமுறை வந்தார். தேவம்மா ஊருக்குப் போகுமுன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சொர்ணலதா மகிழ்ச்சியோடு சீனுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கௌரம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனார். பிறகு வரவில்லை. தெருவில் மற்றவர்களுக்கும் செய்தி பரவியிருக்கவேண்டும். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார்கள், வாயிற்கதவைத் தாண்டுவதில்லை. வாய்தவறி உளறிவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு. நல்ல எண்ணந்தான். அந்த நல்ல எண்ணம் என் மனைவிக்கு என்ன செய்தது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

சென்ற வாரம் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தேன். இடையில் அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

“ஏங்க, நான் நடுங்கறது பார்க்க ரொம்ப அசிங்கமா இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் ஏன் யாரும் வர்றதில்ல? ரவி போயிட்டான், தேவம்மா போயிட்டா, கௌரம்மா பால் பொங்குதுன்னு ஓடுனாங்க. பக்கத்துல உட்கார்ந்தா தொத்திக்கும்னு நெனக்கறாங்க போல.” என் முழங்கையை விட்டுவிட்டுச் சொன்னாள்: “பரவால்ல. சீனு ஒருத்தன் இருக்கான்.”

நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். அந்தப் பத்தியில் இருந்த பிழைகளைத் திருத்தவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

இந்த மலர் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே உங்கள் கைகளுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிற்கும் வரும். அவளுக்கு வாசித்துக் காட்டுபவன் நான் ஒருவனே. இந்தப் பக்கங்களை நான் வாசிக்கப்போவதில்லை. ஆகவே இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் இருக்கும்.

நாம் மைசூரில் வாழ்கிறோம். பொங்கலன்று இவ்வூர்ப் பெண்கள் எள்ளும் வெல்லமும் தட்டில் வைத்து வீடு வீடாகப் போய்க் கொடுப்பதும், அன்று நல்ல சொல் மட்டுமே பேசுவதும் நமக்கும் பழகிப்போன வழக்கங்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்குப் பதினோரு தட்டுகள் வந்தன. பதினான்காம் தேதி மாலை நான் வாயிற்கதவைத் திறந்தே வைத்திருப்பேன். விஜயநகர் இரண்டாம் கட்டம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, ‘வாடகைக்கு’ அட்டை தொங்கும் வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். நாற்காலியின் நுனியில் வேண்டாம், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அவள் நீட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; நடுங்கும், விட்டுவிடாதீர்கள். எலிகளைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டீர்களா என்று அவள் கேட்பாள். தரையைப் பார்க்காதீர்கள். அவளுடைய முகத்தைப் பார்த்து, சீனு நடக்கிறான் என்று சொல்லுங்கள்.